பேரவை பாதுகாத்த பெல்ட்

உலகத்தில் எந்த வோஷிங் மெசினும் தானாக மவுத்தாவதில்லை. அதற்குள் லேண்ட்மாஸ்டர் டியூபை வெட்டிப் போடுகிறவன்தான் அதைக் கொலை செய்கிறான்.

இந்த உண்மையை மனிதகுலத்துக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் அல்ஹாஜ் மீராமுகைதீன் அவர்கள். கரையோரப் புராதன சலவை இயந்திரப் பாதுகாப்புப் பேரவையின் ஸ்தாபகத் தலைவர் அவர். கல்முனை பஸாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பேரவையின் அலுவலகம் இருக்கிறது. மேற்படி வாக்கியம் அங்கே சுவரில் பொன்னெழுத்தில் தொங்குகிறது. கீழேயிருந்து மீன் வைத்த மாலுபாண் வாசனை வருகிற நேரங்களில் அதை வாசித்தால் கண்ணீர் வரும் என்று சொல்கிறார்கள்.

பேரவை ஏன் உண்டாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் குவைத்துக்கும் சவூதிக்கும் போன நம்மவர்கள் திரும்பி வரும்போது இரட்டைத் தொட்டி வோஷிங் மெசினோடுதான் வந்து இறங்கினார்கள். ஒரு தொட்டியில் துவைக்கும், மற்றத் தொட்டியில் பிழியும். அந்த மெசின்கள் அப்படி இலகுவில் சாகிற சாதியில்லை. ஆனால் செய்த கம்பனிகள் அந்த மொடல்களை மறந்து வெகுகாலம். பெல்ட் அறுந்தால் பெல்ட் இல்லை, குமிழ் உடைந்தால் குமிழ் இல்லை. சனம் கண்டதையும் வெட்டிப் போட்டு ஓட்டத் தொடங்கியது. வயல்பக்கம் லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் டியூபுக்கா பஞ்சம்? டியூபைக் குறுக்கே வெட்டினால் ஒரு வளையம் வரும். பெல்ட்டுக்குப் பதிலாக அதை மாட்டினால் மெசின் சுற்றும்.

இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல்தான் மீராமுகைதீன் சேர் பேரவையைத் தொடங்கினார். பாலமுனை முதல் மருதமுனை வரை பழுதாகிப்போன மெசின்களிலிருந்து நல்ல பாகங்களையெல்லாம் கழற்றி எடுத்து, அலுவலகத்தில் ஓர் இரும்பு அலுமாரிக்குள் வைத்தார். அன்று முதல் அவை மிகவும் பாதுகாப்பாக இருக்கின்றன. ஒரு பாகம்கூட வெளியே போனதில்லை.

மருதமுனை முர்ஷித்துக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது தறி. மனைவி முஸ்பிறாவின் வளவில், வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, இரண்டு தறி வைத்து இடுப்பில் கட்டுகிற சாரன் நெய்கிறவன். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிற ஊர் இது. வீடு மனைவியுடையது, வளவு மனைவியுடையது, வளவுக்குள் காற்று வீசினால் அது மாமியுடையது.

மாமி ஸுல்பிகாவுக்கு உலகத்தில் இரண்டு சொத்து. ஒன்று மகள். மற்றது மர்ஹூமான கணவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த இரட்டைத் தொட்டி மெசின். இரண்டையும் மருமகன் கையில் கொடுக்க வேண்டிவந்தபோது, மகளைத்தான் யோசிக்காமல் கொடுத்தார்.

"மகன், ஒங்கட சாயக் கை இந்த மெசின்ல பட்டிச்செண்டா, தறி ரெண்டும் றோட்டுலதான் நிக்கும்" என்று கலியாணத்துக்கு மறுநாளே சொல்லி வைத்திருந்தார். மாமி பகிடி விடுகிற ஆளில்லை.

அந்த மாமி கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போன வாரத்தில்தான் முர்ஷித்துக்கு நீலச் சாரனுக்குப் பெரிய ஓடர் வந்தது. சாயம் தோய்த்த நூற்கழிகளைத் தொட்டித் தண்ணீரில் அலசி அலசி அவனுடைய முழங்கை வரை நீலம். குசினிப் பக்கம் போனான். மெசின் வெள்ளைச் சீலை போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. நெசவுக்காரனுடைய புத்தி எப்போதும் நூல் பக்கம்தான் சாயும். துணியை அலசுகிற சாமான் நூலை அலசாதா?

அலசியது. முதலில் வடிவாகத்தான் அலசியது. பிறகு கழிகள் ஒன்றோடொன்று பின்னி, தொட்டியின் அடியிலுள்ள சுழல்தட்டில் சுற்றி இறுகின. தட்டு நின்றது. மோட்டார் நிற்கவில்லை. கருகின ரப்பர் மணத்தோடு உள்ளே ஏதோ 'படக்' என்றது.

முஸ்பிறா கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்ன செஞ்ச நீங்க?"

"நூல் அலசின."

"எதுல?"

கழியொன்று தொட்டிக்கு வெளியே நீல நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்! உம்மா சனிக்கிழம வாறா."

"பெல்ட் ஒண்டு போட்டாச் சரி, புள்ள. கல்முனைல வாங்கலாம்."

கல்முனையில் வாங்க முடியாது என்பதைக் கல்முனைக் கடைக்காரர்கள் வரிசையாக அவனுக்கு விளக்கினார்கள். கடைசிக் கடைக்காரன் அறுந்த பெல்ட்டைக் கையில் வாங்கி, மூத்தவர்களைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தான்.

"இது ஹயாத்தோட, உசிரோட இரிக்கிறது பேரவைலதான் காக்கா. மேல ஏறுங்க."

மேலே மேசைக்குப் பின்னால் செயலாளர் ஜெஸீம் இருந்தார். அவருக்குப் பின்னால் அலுமாரி. அலுமாரியின் கண்ணாடிக் கதவு வழியாக, ஆணியில் தொங்குகிற பெல்ட் ஒன்று முர்ஷித்துக்கு நேராகவே தெரிந்தது. இவனுடையதன் உடன்பிறப்பு.

"அந்தா, அதுதான் சேர்! அதத் தந்தீங்கெண்டா..."

ஜெஸீம் திரும்பிப் பார்க்கவில்லை. "தம்பி, அது பேரவைட பெல்ட்."

"ஓம் சேர். எனக்குத் தேவ."

"தேவ எண்டு ஆரும் வரலாம். தகுதி வேணுமே. மெசின்ட வயசு என்ன? எந்த நாட்டால வந்த? கப்பல்லயா, பிளேன்லயா? கொண்டு வந்தவர்ட நன்னடத்த எப்படி?"

"மாமா மவுத்தாகிட்டாரு சேர்."

"அப்ப நன்னடத்த நிரந்தரமாகிட்டு. நல்லம்." ஜெஸீம் திருப்தியோடு தலையை ஆட்டினார். "டியூப் கியூப் போட்டு ஓடினதா?"

"அல்லாஹ்க்காக இல்ல சேர்."

"போட்டிருந்தா இந்தப் படியிலயே ஏறிரிக்க ஏலா. சரி, நிருவாக சபை கூடித் தீர்மானிக்கும். ஆனா அலுமாரிப் பூட்டுத் திறப்பு பொருளாளர்ட்ட. பொருளாளர் கத்தார்ல."

"எப்ப வருவாரு?"

"அவருக்கு அங்க நல்ல சம்பளம் தம்பி. நாங்க ஏன் அவர்ட வயித்துல அடிக்கணும்?"

முர்ஷித் படியிறங்கி, பேக்கரியில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, மறுபடி ஏறி, மாமியைப் பற்றியும் தறியைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொன்னான். நூல் அலசியதை மட்டும் சொல்லவில்லை. ஜெஸீமின் முகம் இளகியது. பாகம் தர வழியில்லை என்றாலும், தொழில்நுட்பக் குழுவை வீட்டுக்கு அனுப்பி வைப்பதாக வாக்களித்தார்.

குழு மறுநாளே வந்தது. அதன் இணைப்பாளர் பாண்டிருப்பு சுஜிந்தன், பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவர். தமிழரையும் சேர்த்துப் பேரவையில் இன நல்லிணக்கம் இருக்க வேண்டுமென்று தலைவர் விரும்பியதால் தொழில்நுட்பம் அவருக்குக் கிடைத்தது. கூட வந்தவர்கள் படம் பிடிக்கிறவர்கள். மெசினுக்குப் பக்கத்தில் நின்று பிடித்தார்கள். மெசின்மேல் கை வைத்துப் பிடித்தார்கள். மெசினை இவர்கள் சுகம் விசாரிக்கிற மாதிரியும் ஒன்று பிடித்தார்கள். முஸ்பிறா வட்டிலப்பம் கொடுத்தாள்.

"பின்பக்கம் கழட்டிக் காட்டட்டா சேர்?" என்றான் முர்ஷித்.

சுஜிந்தன் பதறிப்போனார். "வேண்டாம், வேண்டாம். கழட்டினா அதுக்குப் பிறகு நாங்க ஏதாவது சொல்ல வேண்டி வரும்."

பிறகு குரலைத் தணித்து, "தம்பி, உண்மையச் சொல்லுறன், எங்கட வீட்டில மனிசி கல்லிலதான் அடிக்கிறா. உதுகளுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கென்ன தெரியும்? ஆனா அறிக்கை நல்லா எழுதுவன்" என்றார். நேர்மையான மனிதர். வட்டிலப்பத்தில் இரண்டாவது துண்டும் எடுத்தார்.

அறிக்கை நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் புதன்கிழமை காலை தலைவரே முர்ஷித்துக்குப் போனில் கோல் எடுத்தார்.

"தம்பி முர்ஷித்! ஒங்களுக்குப் பாகம் தாறண்டு நிருவாக சபை ஏகமனதாத் தீர்மானிச்சிரிக்கி. நாள வியாழக்கிழம பின்னேரம் கையளிப்பு வைபவம். வெள்ள சேட் போட்டுட்டு வாங்க."

முர்ஷித்துக்குத் தரையில் கால் படவில்லை. உண்மையில் நடந்தது வேறு. பேரவையின் வருடாந்த விழாவுக்குக் கொழும்பிலிருந்து வரவிருந்த பிரதம அதிதி, இதுவரை யாருக்காவது ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி பேரவையின் யாப்பு விதிகளிலேயே இல்லை. பயனாளி ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார். திறப்புக்காகக் கத்தாருக்கு வாட்ஸ்அப் எடுத்தபோது, அலுமாரியைத் தான் பூட்டியதேயில்லை என்று பொருளாளர் சொன்னார். இவ்வளவு காலமும் அது திறந்துதான் கிடந்திருக்கிறது. இழுத்துப் பார்க்கிற அதிகாரம்தான் யாருக்கும் வழங்கப்படவில்லை.

வியாழக்கிழமை மேல்மாடி நிரம்பி வழிந்தது. நாலு மணிக்குத் தொடங்க வேண்டிய விழா வழக்கமான நாலு மணிக்கு, அதாவது ஆறு மணிக்குக் கிட்ட, குர்ஆன் ஓதுகிற கிறாஅத்தோடு ஆரம்பமானது. பிரதம அதிதிக்குப் பொன்னாடை. விசேட அதிதிகளுக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவர்களுக்கு, போர்த்தியதற்காகப் பொன்னாடை. முர்ஷித்தைப் பயனாளி என்று எழுதியொட்டிய கதிரையில் இருத்தியிருந்தார்கள். அவனுடைய கண் முழுக்க மேடையில் தாம்பாளத்தில் வைத்திருந்த அந்தப் பெல்ட்டின் மீதுதான்.

செயலாளர் அறிக்கை வாசித்தார். "சென்ற ஆண்டில் பேரவைக்குக் கரையோரம் முழுவதிலுமிருந்து எண்ணற்ற விண்ணப்பங்கள் கிடைத்தன. அவை ஒன்றுவிடாமல் நிராகரிக்கப்பட்டன என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல்.

தலைவர் எழுந்தார். ஒலிவாங்கியை ஒருமுறை தட்டினார்.

"இந்தப் பெல்ட்ட நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டுப் பாதுகாத்திரிக்கம் எண்டு எங்களுக்குத்தான் தெரியும்! எத்தின பேர் வந்து கேட்டாங்க! தாய்மார் வந்து அழுதாங்க! ஒருத்தருக்குமே குடுக்கல்ல. குடுத்திருந்தா இண்டைக்கு இந்த விழா நடந்திரிக்குமா? டியூப்காரனுகள் என்ன செல்றான்? சுத்தினாச் சரிதானேண்டு செல்றான். நான் கேக்கன், சுத்துறதுதானா வாழ்க்க? ஒருத்தன் வீட்டுல அவன் இல்லாத நேரம் அவன்ட மெசின்ட பின்பக்கத்தக் கழட்டிப் பாத்தாத் தெரியும், அவன் ஆரெண்டு!"

மறுபடி கைதட்டல். பிரதம அதிதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாகவும் இருக்கலாம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது, புதிதாகப் பெயின்ற் அடித்த அலுமாரியை நாடா வெட்டித் திறந்து வைத்தல். அப்போதுதான் நாடா வாங்க மறந்துபோனது தெரியவந்தது. மஃரிப் தொழுகை நேரம். பஸாரில் கடையெல்லாம் பூட்டிவிட்டார்கள். ஆனால் ஜெஸீம் இதற்கெல்லாம் கலங்குகிற செயலாளரில்லை. தாம்பாளத்தில் இருந்த பெல்ட்டை எடுத்து, அலுமாரியின் இரண்டு கைபிடிகளுக்கும் சேர்த்து வளையமாக மாட்டிவிட்டார். அதிதி அதைக் கழற்றி எடுத்துவிட்டுக் கதவைத் திறக்கட்டும், பாகத்தை எடுத்தது போலவும் ஆயிற்று என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். தலைவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. தலைவர் வழமைப்படி கத்தரிக்கோலைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். கத்தரிக்கோலை நீட்டினால் எந்தப் பிரதம அதிதியும் வெட்டாமல் விட்டதாக இந்த நாட்டில் சரித்திரமில்லை.

"சேர்! சேர், அது..." என்று முர்ஷித் கதிரையை விட்டுப் பாய்ந்தான்.

"உணர்ச்சிவசப்படாதீங்க தம்பி" என்று தோளில் அழுத்தி அவனை இருத்தினார் சுஜிந்தன்.

ஒறிஜினல் என்பதால் வெட்டுப்பட நேரம் எடுத்தது. பிரதம அதிதி இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, ஒருவாறு வெட்டி முடித்து வியர்வையைத் துடைத்தார்.

"நல்ல தரமான நாடா" என்று பாராட்டினார்.

ஜெஸீம் தரையைப் பார்த்தார். தலைவர் மட்டும் அசரவில்லை. நீளமாகத் தொங்கிய பெல்ட்டை எடுத்துத் தாம்பாளத்தில் வளர்த்தி, அதன்மேல் மல்லிகை மாலையொன்றை வைத்து, முர்ஷித்தின் கையில் கொடுத்து, கமெராவைப் பார்த்தார்.

முர்ஷித் மாலையை விலக்கிப் பார்த்தான். "சேர்... இத என்னெண்டு போடுற?"

"போடுறயா?" தலைவருடைய புருவம் உயர்ந்தது. "தம்பி, இது போடுற சாமானில்ல. பாதுகாக்குற சாமான். வெட்டுப்பட்டாலும் ஒறிஜினல் ஒறிஜினல்தான்."

நன்றியுரை முடிய மாலுபாணும் பாலும் கொடுத்தார்கள். முர்ஷித் தின்றான். வேறென்ன செய்ய?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சவளக்கடைக்குப் போனான். தன்னிடம் சாரன் வாங்குகிற பழக்கத்தில் தங்கராசா அண்ணனைத் தெரியும். அறுவடை முடிந்து அவருடைய லேண்ட்மாஸ்டர் கொட்டிலில் படுத்திருந்தது. மூலையில் வெடித்துப்போன டியூபொன்று கிடந்தது.

"அண்ணன், இந்த டியூப் ஒங்களுக்குத் தேவையா?"

"கொண்டு போ. மெசினுக்கா?"

"ஓம்" என்று முர்ஷித் தலையைக் குனிந்துகொண்டான், ஹராமான சாமானை வாங்குகிறவன் போல.

"என்னத்துக்கு வெக்கப்படுறாய்? சுத்தினாச் சரிதானே" என்றார் தங்கராசா.

வீட்டுக்கு வந்து வெட்டினான். முதலாவது வளையம் அகலமாகிவிட்டது, நழுவி விழுந்தது. இரண்டாவது மெல்லிசு, சுவிட்சைப் போட்டதும் பறந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. பிறகு முஸ்பிறா கத்தரிக்கோலைப் பறித்து, தாவணிக் கரை வெட்டுகிற மாதிரி ஒரே சீராக வெட்டித் தந்தாள். அது பிடித்தது. மெசின் சுற்றியது. குவைத்திலிருந்து வந்த நாளில் சுற்றிய மாதிரியே சுற்றியது.

சனிக்கிழமை மாமி வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வளவை ஒருதரம் பார்த்தார். ஒப்பரேஷனுக்கு முன் மாமிக்கு நீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். இப்போது வேப்பமரத்து இலையை இலையாக எண்ணினார்.

"கண் நல்லாத் தெரியிதா உம்மா?" என்றாள் முஸ்பிறா.

"ஊசி கோக்கலாம், புள்ள."

நேரே குசினிப் பக்கம் நடந்தார். மெசினின் சீலையை விலக்கினார். தொட்டி விளிம்பில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத ஒரு கோடு, வானத்து நீலத்தில்.

"மகன்."

"மாமி."

"இது என்ன?"

மாமி சுவிட்சைப் போட்டார். காதைச் சரித்துக் கேட்டார். "சத்தமும் மாறிரிக்கி. பெல்ட்ட மாத்திரிக்கி ஆரோ. மீராமுகைதீன் மச்சானக் கூப்பிடுங்க. அவர் பாத்துச் செல்லட்டும். டியூப்தான் எண்டா, தறிக்காரத் தம்பிமார இண்டைக்கே வரச் செல்லுங்க. ரெண்டு தறியையும் கழட்டிக்கிட்டுப் போகட்டும்."

மீராமுகைதீன் சேர் மாமிக்குத் தாய்மாமனின் மகன் முறை என்பதை முர்ஷித் அன்றைக்குத்தான் அறிந்தான். இரண்டு தறியும், அரைவாசி நெய்த நீலச் சாரனும், முஸ்பிறாவின் முகமும் அவன் கண்ணுக்குள் மாறி மாறி வந்தன.

சேர் தொப்பியோடும் டோர்ச்சோடும் வந்தார். தேத்தண்ணி குடித்தார். மெசினின் பின்மூடியை முர்ஷித்தைக் கொண்டே கழற்றுவித்தார். குனிந்து டோர்ச் அடித்தார்.

டியூப் வளையம் பளபளவென்று தெரிந்தது. போதாததற்கு, தங்கராசா அண்ணன் எப்போதோ ஒட்டிய பஞ்சர் ஒட்டு ஒன்றும் அதில் சிவப்பாக இருந்தது.

சேர் ஒட்டை உற்றுப் பார்த்தார். "போடுங்க சுவிட்ச" என்றார். சுற்றியது. வளையம் நழுவவில்லை, துடிக்கவில்லை. சேர் இன்னும் குனிந்தார். கைவிரலை அளவு பிடிப்பது போல வைத்துப் பார்த்தார். முர்ஷித் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன மச்சான்? டியூபா?"

சேர் நிமிர்ந்து முதுகைத் தடவினார். ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் அவருக்குக் கை முன்னால் போனது.

"ஒறிஜினல்."

"என்ன?"

"கம்பனிப் பெல்ட். இந்தக் கறுப்பு ஜப்பான்காரனுக்கு மட்டும் வாற கறுப்பு. அந்தச் செவப்பு, தரச்சான்று."

"அப்ப இந்த நீலம்?"

"ஸுல்பிகா, ஒறிஜினல் மெசின்ல முப்பது வருஷம் தாண்டினா நீலம் பூக்கும். எல்லா மெசினுக்கும் பூக்காது. நல்லாப் பாவிச்சதுக்குத்தான் பூக்கும்."

மாமி தொட்டி விளிம்பைத் தடவினார். முகம் மெல்ல மலர்ந்தது. "அவர் குவைத்துல தேடித்தான் எடுத்த" என்றார். அடுத்த வீட்டு வேலிக்குப் போய், "கேட்டயா புள்ள, எங்கட மெசினுக்கு நீலம் பூத்திரிக்கி!" என்று சொல்லத் தொடங்கினார். தறிக்காரத் தம்பிமாரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சேயில்லை.

பேரவை தொடங்கிய நாள் முதல் ஒரு பயனாளி உண்மையில் பயனடைந்தது அன்றைக்குத்தான்.

முர்ஷித் சேரை வழியனுப்ப வாசல் படலை வரை போனான். நன்றி சொல்ல வார்த்தை தேடினான். சேர் படலையைத் தாண்டவில்லை. இடமும் வலமும் பார்த்தார். பிறகு வளவைச் சுற்றிக்கொண்டு தறிக்கொட்டிலின் பின்பக்கமாக நடந்தார். முர்ஷித்தும் பின்னால் போனான்.

"தம்பி" என்றார் சேர், மேடையில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில். "அது லேண்ட்மாஸ்டர் சில்லுட டியூபா, பின்னால இழுக்கிற பெட்டிட டியூபா?"

"சில்லுட, சேர்."

"அதான் நிக்கிது. நான் பெட்டிட டியூபப் போட்டு... வழுக்குது. வீட்டுல பொஞ்சாதி ஏசுறா." தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "மிச்சம் கிடக்கா?"

முர்ஷித் கொட்டிலுக்குள் போய், மிச்ச டியூபையும் முஸ்பிறாவின் கத்தரிக்கோலையும் கொண்டுவந்தான். "வெட்டித் தரட்டா சேர்?"

"வேணா, வேணா. அகலம் பிசகினா ஓடாது."

சேர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். டியூபை மடித்து, பெருவிரல் நகத்தால் அடையாளம் வைத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெட்டினார்.

வெட்டு நூல் பிடித்தது போல நேராக விழுந்தது. நல்ல பழகின கை.